தொட்டு அறியும் ஓவியம்: சுடுமண்ணா, காகிதக்கூழா?

பார்வையற்றோரும் விரல்களால் அறியும்படி ஓவியங்களைப் புடைப்பு வடிவில் அமைக்க விரும்பும் புதுச்சேரிக் கண்காட்சியாளர்கள், புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண்ணுக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழுக்கும் இடையே தயங்குவது இயல்பே.

நுணுக்கம்: ஈரக் களிமண்ணில் சேலைக் கரையைக்கூடக் கூர்மையாக இழைக்கலாம், ஆனால் உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்குவதால், நெருக்கமான கோடுகளுக்கு முன்கூட்டியே கூடுதல் இடைவெளி விட வேண்டும். காகிதக்கூழில் விளிம்புகள் சற்று மழுங்கும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் கோட்டு நெரிசல் விரலுக்குக் குழப்பமே தரும் என்பதால், எதில் செய்தாலும் உருவங்களை எளிமையாக்குவது அவசியம் என்றே கருதுகிறேன்.

உறுதி: பலர் தடவினாலும் சுடுமண் எளிதில் தேயாது, விழுந்தால் உடையும். காகிதக்கூழ் விழுந்தாலும் பெரும்பாலும் தப்பும். எனினும் வியர்வையும் கடற்காற்றின் ஈரமும் உள்ளே இறங்காதபடி அதன் மேற்பூச்சை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

செலவு: இரண்டிலும் ஒரே அச்சில் பல படிகள் எடுக்கலாம், சுடுமண்ணுக்குச் சூளைச் செலவு கூடும்.

நிலையான கூடத்தில் மேசையோடு பொருத்திவைக்கச் சுடுமண் ஏற்றது. மடியில் வைத்து இரு கைகளாலும் ஆராயவும், பள்ளிகளுக்கு எடுத்துச் செல்லவும் எடை குறைந்த காகிதக்கூழே நல்லது. எதைத் தேர்ந்தாலும், அச்சு எடுக்கும் முன்பே முதல் வடிவத்தைப் பார்வையற்றவர்களிடம் கொடுத்து, அவர்கள் கூறும் திருத்தங்களைச் செய்துவிட வேண்டும்.