இரட்டைக் கால மர்ம நாவலுக்கு எந்தக் களம்: தாத்ரியா, தோள்சீலையா?

அன்று ஒருத்தி, இன்று ஒருத்தி, நடுவில் ஒரு ரகசியம். இப்படி நாவல் எழுத நினைக்கும் எங்கள் பாலக்காட்டுத் தமிழ்ப் பெண்களுக்கு நான் சொல்வது குறியேடத்துத் தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண்ணின் கதையைத்தான். 1905-இல் கொச்சி ராஜ்யத்தில் அவள்மேல் ஸ்மார்த்த விசாரம் நடந்தது. கற்பு தவறியதாகச் சந்தேகிக்கப்பட்ட நம்பூதிரிப் பெண்ணை விசாரிக்கும் சாதி விசாரணை அது. அந்த முறைப்படி பெண் கதவுக்குப் பின்னால் நிற்பாள். கேள்வி வெளியிலிருந்து வரும். அப்படி நின்றவள் தன்னோடு உறவு வைத்திருந்ததாக 60-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பேர் சொல்லிக் காட்டிக்கொடுத்தாள். அவர்களுக்குச் சாதிவிலக்கு. அப்புறம் அவள் எங்கே போனாள்? ஊருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். இன்றைய பேத்தி ஒருத்தி தேடிக் கிளம்ப அந்த ஒரு கேள்வி போதும்.

தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டமும் மனசை உலுக்கும் வரலாறுதான். ஆனால் 1859-இல் உரிமை கிடைக்கும்வரை அது சந்தையிலும் தெருவிலும் எல்லோரும் பார்க்க நடந்தது. மர்மத்துக்கு இடம் குறைவு. நேராகச் சொல்வதே அதற்கு நியாயம்.