பாடசாலை அனுமதிக்கான சட்ட ஆலோசனைச் சேவை: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

தரம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, தற்காலிகப் பட்டியலில் பிள்ளையின் பெயரைக் காணாத பெற்றோருக்காகத் திருகோணமலை நகரில் சட்டத்தரணி ஒருவர் நடத்திவரும் ஆலோசனைச் சேவையை எங்கள் குடும்பமும் நாடியது. கட்டணம் நியாயமானது, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் கிடைத்தது.

யாருக்கு என்ன அதிகாரம் இல்லை என்பதை முதல் அமர்விலேயே தெளிவாக்கிவிடுவதுதான் இச்சேவையின் பெரும் பலம். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் மாகாணப் பாடசாலைகள் மாகாண நிருவாகத்தின் கீழும் தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும் வருவதால், தேசிய பாடசாலை அனுமதிக்காக மாகாண அதிகாரியிடம் கடிதம் வாங்க அலைவது வீண் என்றார்கள். மாகாணப் பாடசாலைகளிலும் அதிகாரியின் விருப்பத்துக்கு இடமில்லை. அமைச்சின் சுற்றறிக்கை வகுத்துள்ள பிரிவுகளுக்கும் புள்ளிகளுக்கும் அவர் கட்டுப்பட்டவர். அதை மீறி ஒரு பிள்ளையை ஒதுக்கினால், சட்டத்தின் முன் யாவரும் சமம் எனக் கூறும் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். நகரசபை உறுப்பினரின் சிபாரிசுக் கடிதத்துக்கு இங்கே எந்தப் பெறுமதியும் இல்லை என்பதை இன்னும் பலர் அறியாதிருப்பது வேதனைக்குரியது.

பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கான அயல் வதிவிடப் பிரிவை விளக்கிய விதம் மனதில் நிற்கிறது. வரைபடத்தில் உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பித்த பாடசாலை வரையான நேர்கோட்டுத் தூரத்தை ஆரையாகக் கொண்டு கவராயத்தால் வட்டம் போட்டு, அதற்குள் அகப்படும் பிற பாடசாலைகளுக்காகப் புள்ளிகள் கழிக்கப்படுவதைக் காட்டினார்கள். வாக்காளர் இடாப்பில் எங்கள் பெயர் பதிவான ஆண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். மேலே சொன்னபடி உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கான அடிப்படை உரிமை மனுவை, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை விதிக்கிறது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. இவ்வளவு முக்கியமான விடயம் எங்களுக்கு இரண்டாம் அமர்வில்தான், அதுவும் நாங்கள் கேட்ட பின்னரே சொல்லப்பட்டது. ஆலோசனையை எழுத்தில் தரும் வழக்கமும் அங்கில்லை. மேன்முறையீட்டுச் சபைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு பக்கக் குறிப்பாவது கொடுப்பது அவசியம்.

பட்டியல் வெளியாகும்வரை காத்திராமல், நேர்முகப் பரீட்சைக்கு முன்பே இவர்களிடம் செல்வது நல்லது. வீட்டின் காணி உறுதியின் பிரதி, வாக்காளர் இடாப்புப் பிரதிகள், அவ்வாண்டுக்குரிய சுற்றறிக்கை ஆகியவற்றைக் கையோடு கொண்டுசென்றால் ஒரே அமர்வில் வேலை முடிந்துவிடும்.