மாதிரிப் பொட்டலத்தில் தென்னஞ்சர்க்கரை, மூட்டையில் நிறமேற்றிய சீனி: 11,600 ரூபாய் போயிற்று

தென்னஞ்சர்க்கரை என்று சொல்லி எனக்கு மொத்தமாக விற்கப்பட்ட சரக்கு, பழுப்பு நிறம் ஏற்றப்பட்ட கரும்புச் சீனி. பணம் திரும்பத் தரப்படாது என்ற இறுதிப் பதிலும் இன்று காலை வந்துவிட்டது. போனது 11,600 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் "அவர்கள் பக்கமும் ஏதாவது நியாயம் இருக்கலாம்" என்ற வழக்கமான தாராள மனம் வந்து தொலைக்கும்; இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம் எந்த நியாயமும் இல்லை. பெயர் எதையும் இங்கே குறிப்பிடவில்லை. வீட்டில் கேக்கும் குக்கீஸும் செய்பவர்களைக் குறிவைத்து, வெள்ளைச் சீனிக்கு மாற்றான இனிப்புகளையும் மைதாவுக்கு மாற்றான மாவுகளையும் விற்கும் இணையக் கடை அது. பல விற்பனையாளர்களுக்கு இடம் கொடுத்து நடுவில் தரகு வாங்கிக்கொள்ளும் ஒரு தளத்தின் வழியாக வியாபாரம் செய்கிறது.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுவதும் அங்கேதான் நடந்திருக்கிறது. விலை விசாரித்து ஒரு செய்தி அனுப்பியதும், "முதலில் செய்து பாருங்கள் அக்கா, மனத்துக்குப் பிடித்தால் மட்டும் வாங்குங்கள்" என்று கூறி, பணம் எதுவும் வாங்காமல் ஒரு சிறிய மாதிரிப் பொட்டலத்தை அனுப்பினார்கள். அந்தப் பொட்டலத்தில் இருந்தது சந்தேகத்துக்கு இடமில்லாத தென்னஞ்சர்க்கரை. பளபளப்பில்லாத பழுப்பு நிறம், ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாத குருணைகள், பாகு சற்றே கருகும் தறுவாயில் எழும் மணம். தேங்காய் வாசனை துளியும் இல்லை. அது இருக்கவும் கூடாது, ஏனென்றால் இந்தச் சர்க்கரை தேங்காயிலிருந்து எடுக்கப்படுவதில்லை. தென்னம்பாளையைச் சீவி வடிக்கும் சாற்றை நீர் வற்றும்வரை காய்ச்சி, கெட்டிப்படும் நேரத்தில் விடாமல் கிளறிப் பொடியாக்குகிறார்கள். காய்ச்சும்போதே நிறம் உண்டாவதால் அது குருணையின் மேல்தோலில் நிற்காமல் உள்வரை பரவியிருக்கும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாதிரி கையில் கிடைத்த அன்று விற்பனையாளர் தாமாகவே தொலைபேசியில் அழைத்தார். அவர் சொன்னவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை என்பதுதான் எனக்கு இப்போதும் எரிச்சலூட்டுகிறது. சீனிக்குப் பதிலாக அதே எடை போடலாம், ஆனால் கப்பால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள் என்றார். குருணை பெரிதாக இருப்பதால் மெதுவாகத்தான் கரையும், மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது சீனி போல வெளுத்துப் பொங்காது, அதனால் கேக் சற்று அடர்த்தியாகவே வரும்; குக்கீஸ் தட்டில் அதிகம் பரவாது; நிறம் சீக்கிரம் ஏறிவிடும் என்பதால் ஓவன் சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்; முட்டை வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்துச் செய்யும் மெரிங்குக்கும் வெள்ளை ஐசிங்குக்கும் இது சரிப்படாது, அவற்றுக்கு வாங்காதீர்கள் என்றார். தன் சரக்கின் குறைகளைத் தானே எடுத்துச் சொல்லும் வியாபாரியை யார்தான் சந்தேகிப்பார்கள்? மாதிரியைக் கொண்டு குக்கீஸ் செய்து பார்த்தபோது அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கரும்பழுப்பு நிறம், அதிகம் பரவாத தடித்த வட்டம், ஆழமான பாகுச் சுவை. வீட்டில் இருந்தவர்கள் தட்டைக் காலி செய்தார்கள். அதன் பிறகே மொத்தமாக ஆர்டர் கொடுத்தேன். மொத்த ஆர்டருக்கு முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டவேண்டும் என்றார்கள், அனுப்பும் செலவையும் சேர்த்து 11,600 ரூபாய் கட்டினேன்.

மூட்டை வந்தது. நிறம் ஏறக்குறைய அதேதான். பிரித்ததும் மணம் குறைவாக இருப்பதாகத் தோன்றியது, ஆனால் மொத்தச் சரக்கில் மணம் சற்று மங்கலாக இருப்பது இயல்பு என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெண்ணெயோடு சேர்த்து அடித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கலவை வெளுத்து, உப்பி, பஞ்சாக எழுந்தது. ஓவனிலிருந்து எடுத்த கேக் அழகாக உயர்ந்திருந்தது. குக்கீஸ் தட்டு முழுவதும் மெல்லியதாகப் பரவி, ஓரத்தில் மொறுமொறுப்பாக, வெளிர்நிறத்தில் வந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் மகிழ்ந்திருப்பேன். அன்று அந்தக் கேக் அவ்வளவு நன்றாக வந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. வெண்ணெய்க்குள் காற்றை ஏற்றுவது கூர்மையான விளிம்புள்ள சீனிப் படிகங்கள் செய்கிற வேலை. தென்னஞ்சர்க்கரையின் ஒழுங்கற்ற குருணைகள் அதை அரைகுறையாகத்தான் செய்யும். தொலைபேசியில் அந்த மனிதர் எவையெல்லாம் நடக்காது என்று எனக்குப் பாடம் நடத்தினாரோ, அவை அத்தனையும் அவர் அனுப்பிய சரக்கில் நடந்தன.

மாதிரிப் பொட்டலத்தில் சிறிது மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து, தனித்தனித் தேயிலை வடிகட்டியில் போட்டு, குளிர்ந்த நீரை மேலே வேகமாக ஊற்றி, கரைவதற்குள் வடிய விட்டேன். மூட்டைச் சரக்கிலிருந்து பழுப்பு நீர் இறங்கியது, வடிகட்டியில் கண்ணாடித்தூள் போன்ற வெள்ளைப் படிகங்கள் மீந்தன. மாதிரிச் சர்க்கரை ஓரளவு கரைந்தாலும், எஞ்சிய குருணைகள் பழுப்பாகவே இருந்தன. சுத்திகரித்த சீனிக்கு மேலே மொலாசஸையோ (சீனி எடுத்தபின் மிஞ்சும் கரும்பழுப்புப் பாகு) வேறு நிறத்தையோ பூசியிருந்தால் இப்படித்தான் கழுவிக்கொண்டு போகும். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: பூச்சு வேலையை மட்டுமே இது காட்டிக்கொடுக்கும். வெல்லப்பொடியையோ சுத்திகரிக்காத நாட்டுச் சர்க்கரையையோ கலந்திருந்தால் வடிகட்டியில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அவற்றின் நிறமும் உள்ளேயே இருக்கிறது. அந்தக் கலப்படத்தைப் பிடிக்க ஆய்வகத்தில் கார்பன் ஐசோடோப்பு விகிதம் பார்க்க வேண்டும். கரும்பும் தென்னையும் ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவை வெவ்வேறு வழியில் பிடித்துவைக்கும் தாவரங்கள் (கரும்பு சி4 வகை, தென்னை சி3 வகை). ஆகவே அவற்றின் சர்க்கரைகளில் கார்பன் 13 என்ற கனமான கார்பனின் பங்கு வேறுபடும். தேனில் கரும்புச் சீனி கலந்திருக்கிறதா என்று கண்டறிவதும் இதே முறையில்தான். பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுக்கும் சீனி மட்டும், தென்னையைப் போலவே சி3 என்பதால், இந்தச் சோதனையிலும் நழுவிவிடும். என் மூட்டைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. என்னை ஏமாற்றியதில்கூட அவர்கள் மெனக்கெடவில்லை.

படங்களோடு புகார் அனுப்பினேன். முதல் பதில் மிகக் குழைவாக வந்தது: "இயற்கைப் பொருள்தானே அக்கா, ஒவ்வொரு தொகுதியிலும் நிறமும் மணமும் கொஞ்சம் மாறத்தான் செய்யும்." அது உண்மைதான், சாறும் காய்ச்சும் பக்குவமும் மாறினால் சர்க்கரையும் மாறும். ஆனால் எந்தப் பருவத்துச் சாறும் கழுவியவுடன் வெள்ளைப் படிகமாக மாறாது. இதைச் சொன்னதும் குழைவு போய், என் ஓவன் சரியில்லை என்றார்கள். ஓவனுக்குள் வைக்காத சரக்கைத்தான் வடிகட்டியில் கழுவினேன் என்று எழுதினேன். அதற்குப் பதிலாக ஓர் ஆய்வகச் சான்றிதழ் வந்தது.

அந்தச் சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நாளைக்கு உங்களுக்கும் அதையே அனுப்புவார்கள். முத்திரை, கையெழுத்து, எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அது போலி என்று நான் சொல்லவரவில்லை. ஈரப்பதம், சாம்பல் அளவு, நுண்ணுயிர்கள், ஈயம் போன்ற உலோகங்கள் ஆகியவற்றைப் பார்த்து, எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக அதில் எழுதியிருந்தார்கள். சுத்தமான கரும்புச் சீனியும் இதே அட்டவணையில் தேறிவிடும். சரக்கு எந்தத் தாவரத்திலிருந்து வந்தது என்ற கேள்வியையே யாரும் ஆய்வகத்திடம் கேட்கவில்லை, ஆகவே அதற்கு விடையும் அங்கே இல்லை. சர்க்கரையின் மூலத்தைக் காட்டும் ஐசோடோப்பு அறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். "நீங்கள் வீட்டில் கேக் செய்கிறவரா, விஞ்ஞானியா?" என்று ஒரு கேள்வி வந்தது, அதன் பின்னர் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்கள். அக்கா என்ற சொல்லும் அதோடு நின்றது.

தளத்திடம் போனேன். அங்கே முதலில் பேசியது இயந்திரம். நான் எழுதியது எதுவாக இருந்தாலும், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கி விற்பனையாளரையே அணுகச் சொல்லி முடித்தது. மனிதர் ஒருவர் கிடைத்தபோது, பிரித்த உணவுப்பொருளைத் திரும்ப எடுக்க விதி இல்லை என்றார். பிரிக்காமல் உள்ளே இருப்பது என்னவென்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதற்கு, பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, அனுப்பினேன். அந்தக் காணொளியில் பழுப்பு நிறச் சர்க்கரைதான் தெரிகிறது, ஆகவே ஆர்டர் செய்த பொருள்தான் வந்திருக்கிறது என்று முடிவு கட்டி, புகார் தீர்க்கப்பட்டதாகக் குறித்து மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள். நான் எழுதிய மதிப்புரை விதிகளுக்கு ஏற்றதாக இல்லை என்று நீக்கப்பட்டது. இன்று காலை வந்த இறுதிப் பதிலில், நல்லெண்ண அடிப்படையில் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளும்படி 500 ரூபாய் கூப்பன் ஒன்றை இணைத்திருந்தார்கள். 11,600 ரூபாயைத் தின்றவர்களிடமே இன்னும் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 500 ரூபாய் தள்ளுபடியாம்!

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது மூட்டையோடு வந்த துண்டுப்பிரசுரம். கிளைசீமிக் குறியீடு (ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைக் காட்டும் எண்; குறைவாக இருந்தால் மெதுவாக ஏறும்) 35 என்றும், சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்றும் அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த 35 என்ற எண் பிலிப்பைன்ஸின் உணவு, ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் அசல் தென்னஞ்சர்க்கரையைச் சோதித்துச் சொன்னது. சிட்னி பல்கலைக்கழகத்தின் சோதனையில் அதே வகைச் சர்க்கரைக்கு 54 கிடைத்தது என்பதைப் பிரசுரத்தில் காணோம். அசல் சரக்கே கூட ஏறக்குறைய முக்கால் பங்கு சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள். கலோரியும் கிட்டத்தட்ட சீனி அளவுக்கே இருக்கிறது. இரும்பு, பொட்டாசியம் என்று அடுக்குகிறார்களே, அவை உடம்புக்குப் பயன்படும் அளவில் வேண்டுமென்றால் யாரும் தின்னக்கூடாத அளவுக்குச் சர்க்கரையைத் தின்ன வேண்டியிருக்கும். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் இதைச் சாதாரணச் சர்க்கரையாகவே கணக்கில் வைக்கச் சொல்கிறது. நான் இதைச் சுவைக்காகவும் நிறத்துக்காகவும் வாங்கினேன், எனக்குப் போனது பணம். அந்தப் பிரசுரத்தை நம்பி, வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவருக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கும் ஒருவர், முழுக்க முழுக்கக் கரும்புச் சீனியை "தாராளமாக" ஊட்டிக்கொண்டிருப்பார். இதை எழுதித் தளத்துக்கு அனுப்பியபோதும் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றுதான் பதில் வந்தது.

அந்த மூட்டையில் செய்த எதையும் நான் வெளியே விற்கவில்லை. பெயர் மாற்றிச் சொல்லி விற்க மனம் வரவில்லை, சீனி என்று சொல்லி விற்றால் இந்த விலைக்குக் கட்டாது. வீணாய்ப்போன வெண்ணெயையும் முட்டையையும் 11,600 ரூபாயில் நான் சேர்க்கவே இல்லை.

வாங்குகிறவர்கள் என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: மாதிரி நன்றாக இருந்தது என்பதற்காக மொத்தமாக வாங்காதீர்கள், இடையில் ஒரு கிலோவை வேறு ஒருவர் பெயரில் ஆர்டர் செய்து, மாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதிரியில் ஒரு பிடியைக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்துவையுங்கள். சான்றிதழ் காட்டினால் அதில் என்ன சோதித்திருக்கிறார்கள் என்ற பத்தியை மட்டும் படியுங்கள். பிரிக்கும் காணொளியில் மூட்டையின் வாயோடு நிறுத்தாமல், வடிகட்டியில் கழுவுவதையும் வெட்டாமல் சேர்த்தே எடுங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்டால் போய்வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். வெண்ணெயோடு அடிக்கும்போது பஞ்சுபோல வெளுத்து எழுந்தால் மாவைச் சேர்ப்பதற்கு முன்பே நிறுத்துங்கள், முட்டையும் மாவுமாவது மிஞ்சும்.