‘கிளாசிக் ராக் இரவு’ என்று கூப்பிட்டு டெக்னோவில் உட்கார வைத்தார்கள்: பெங்களூரு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, பெங்களூருவில் கிளாசிக் ராக் கேட்கலாம் என்று நம்பிப் போய் நானும் என் கல்லூரித் தோழனும் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாயை இழந்தோம். அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே உத்தியை வேறு சில இடங்களும் கையாள்வதாகத் தெரிவதால், ஏமாற்றும் முறையை விளக்குவதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

தோழன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு பெங்களூருவுக்கு வந்தபோதும், 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் குழு இங்கே பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானத்தில் வாசித்தபோதும் கூட்டத்தில் ஒன்றாக நின்றவர்கள் நாங்கள். வழக்கப்படி ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் 1989 முதல் இருந்துவரும், ராக் ஒலிக்கும் பெக்கோஸ் என்ற பாருக்கே போயிருக்கலாம். புதிதாக ஏதாவது பார்ப்போமே என்ற ஆசையில், கைப்பேசியில் கண்ணில் பட்ட ஒரு விளம்பரத்தை நம்பினோம். கிதார் படம், ‘எழுபதுகளின் ராக், இரவு முழுவதும்’ என்ற வாசகம், ஆளுக்கு 1,500 ரூபாய் கவர் சார்ஜ் என்ற நுழைவுக் கட்டணம் ஆகியவை அதில் இருந்தன. தொலைபேசியில் கேட்டபோது, அந்தத் தொகையை முழுவதுமாகச் சாப்பாட்டிலும் குடியிலும் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டோம்.

ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தபோது லெட் செப்பலின் ஒலித்துக்கொண்டிருந்தது. அடுத்து டீப் பர்ப்பிள். தோழன் கண்ணை மூடி மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். சுவரில் ஒரு மின்கிதார் மாட்டியிருந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதில் ஒரு தந்தி கூட இல்லை, உடலை நான்கு திருகாணிகளால் பலகையோடு முடுக்கியிருந்தார்கள். மேடை என்று சொல்லப்பட்ட மூலையில் டிரம் செட் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது, டி.ஜே. நிற்கும் மேசை மட்டும் இருந்தது. அப்போதே புரிந்துகொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கொடுத்த மூவாயிரம் எங்களை நாற்காலியில் பிடித்து வைத்தது.

சரியாக 9.45 மணிக்கு விளக்குகள் நீலமாயின. ஒரு பாடலின் பாதியிலேயே கிதார் நின்றுபோக, நெஞ்செலும்பில் குத்துவதுபோல ஒரே சீரான அடி தொடங்கியது. டெக்னோ என்ற அந்த மின்னணு நடன இசையின் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்டில் எண்பதுகளில் அதை உருவாக்கிய இளைஞர்களிடம் உண்மையான கற்பனை இருந்தது. அதை விரும்பி வருகிறவர்கள் அதைக் கேட்டு ஆடட்டும். நாங்கள் காசு கொடுத்தது அதற்காக அல்ல என்பதுதான் என் குறை. ஒரு தாளில் பாட்டின் பெயரை எழுதி டி.ஜே.யிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துத் தன் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மேலாளரை அழைத்தோம். எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார். “இதுவும் ராக்தான் சார், கொஞ்சம் ரீமிக்ஸ் பண்ணியிருக்காங்க. பத்து மணிக்கு மேல யங் கிரவுட் வரும், அவங்களுக்கு இதுதான் பிடிக்கும்” என்றார். விளம்பரத்தில் ‘இரவு முழுவதும்’ என்று இருந்ததைக் காட்டினேன். “ஏழு மணியிலேர்ந்து போட்டோமே சார்” என்றார். நகரில் பார்கள் இரவு ஒரு மணி வரை திறந்திருக்கலாம் என்ற நிலையில், இரவு என்பது ஒன்பதே முக்காலோடு முடிந்துவிடும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

எங்களை உண்மையில் அடித்தது பில். ஒரு பிட்சர், அதாவது ஒரு கூஜா, பீர் 950 ரூபாய், வேர்க்கடலை மசாலா 290, சில்லி சிக்கன் 420. வாக்குவாதத்துக்கிடையே தோழன் பத்து மணிக்கு மேல் இன்னொரு பிட்சர் வாங்கியிருந்தான். கவர் சார்ஜிலிருந்து கழிக்கப்பட்டவை தின்பண்டங்களின் 710 ரூபாய் மட்டுமே. கழிவு பீருக்குப் பொருந்தாதாம், மதுவில் குறிப்பிட்ட சில வகைகளுக்குத்தானாம். அதுவும் பத்து மணியோடு காலாவதியாகிவிடுமாம். இந்த நிபந்தனைகள் கையில் கட்டிவிட்ட காகிதப் பட்டையின் உட்புறத்தில், அந்த நீல வெளிச்சத்தில் எவராலும் படிக்க முடியாத எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. ஆக, 2,290 ரூபாய் காற்றில் போயிற்று. அதற்கு மேல் இரண்டு பிட்சருக்கு 1,900, உணவுக்கான வரி 35 ரூபாய் 50 காசு, உணவும் பீரும் சேர்ந்த தொகையின் மீது பத்து விழுக்காடு சேவைக் கட்டணமாக 261 ரூபாய்.

இந்தக் கடைசித் தொகையை மட்டும் நான் விடவில்லை. சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. இதைச் சொல்லி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கைப்பேசியில் அழுத்தத் தொடங்கியதும் 261 ரூபாய் மறைந்துவிட்டது. அவர்களுக்கு விதி தெரியாமல் இல்லை, கேட்காதவரிடம் வாங்கிக்கொள்கிறார்கள். கவர் சார்ஜைப் பற்றி எவ்வளவு வாதிட்டும் பயனில்லை. கணக்கைக் கூட்டினால், முக்கால் மணி நேர ராக்குக்கு 4,935 ரூபாய் 50 காசு.

இப்போது நான் எங்கும் போவதற்கு முன், முந்தைய வாரம் அதே கிழமையில் இரவு பத்தரை மணிக்கு அந்த இடத்தைத் தொலைபேசியில் அழைத்து, எடுப்பவர் பேசுவதைவிட அவருக்குப் பின்னால் ஒலிப்பதைக் கவனிக்கிறேன். கேட்க வேண்டியது ‘ராக் உண்டா’ என்பதல்ல. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வாசிப்பது இசைக்குழுவா டி.ஜே.யா, குழு என்றால் அதன் பெயர் என்ன என்பதே. வெள்ளிக்கிழமை டெக்னோ, ஞாயிற்றுக்கிழமை பாலிவுட் என்று அட்டவணை போடும் இடத்தில் சனிக்கிழமை மட்டும் ராக் என்றால், அது மாலை நேரத்து வெற்று நாற்காலிகளை எங்கள் வயதுக்காரர்களைக் கொண்டு நிரப்பும் ஏற்பாடாகவே பெரும்பாலும் இருக்கும். கவர் சார்ஜின் நிபந்தனைகளை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்.

அன்று பதினொரு மணிக்குப் பெக்கோஸின் குறுகிய படிகளில் ஏறியபோது தோழனின் காதில் அந்த அடி இன்னும் நின்றபாடில்லை. நேற்று அந்த இடத்தின் புதிய விளம்பரம் மறுபடியும் என் கைப்பேசிக்கு வந்தது. அதே கிதார் படம், அதே ‘இரவு முழுவதும்’. கவர் சார்ஜ் மட்டும் 1,800 ஆகியிருக்கிறது.