உள்ளே துணி விடாத ஸ்கர்ட்: எட்டு மாத அனுபவம்

இணையத்தில் விற்கும் பெரிய ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றிடமிருந்து, கணுக்கால்வரை நீளும் கருநீல ஸ்கர்ட் ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன்பு வாங்கினேன். வாரம் ஒரு முறை என்ற கணக்கில் முப்பது தடவைக்கு மேல் துவைத்தாகிவிட்டதால், புதுத்துணி மயக்கம் நீங்கி அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றுகிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. வேறு பெயர்களில் விற்கும் இதே வகை ஸ்கர்ட்டுகளை உட்புறம் புரட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே வேலைப்பாடுதான் கண்ணில் படுகிறது. ஒப்பிடுவதற்கு வீட்டிலேயே இரண்டு ஸ்கர்ட்டுகள் இருந்தன. ஒன்று, பாட்டி துணி எடுத்துத் தைத்துக்கொண்ட பருத்தி ஸ்கர்ட். மற்றொன்று, அம்மா 1980களில் ஆயத்தமாக வாங்கிய பாலியஸ்டர் ஸ்கர்ட். மூன்றையும் கட்டிலின்மேல் அருகருகே விரித்துப் போட்டுப் பார்த்த பிறகுதான், புதியதில் எனக்கிருந்த மனக்குறை எதைப் பற்றியது என்று எனக்கே விளங்கியது.

முதலில் அதன் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். உடுத்திய முதல் நாளே இது உடம்புக்கு இதமாக இருந்தது. கொக்கி, ஜிப், பொத்தான் எதுவுமில்லாமல் இடுப்பில் வெறும் எலாஸ்டிக் மட்டும் இருப்பதால், சாப்பிட்டு எழுந்த பிறகும், நீண்ட நேரம் தரையில் உட்கார்ந்திருந்தபோதும் எங்கும் பிடிக்கவில்லை. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 260 கிராம். பாட்டியின் ஸ்கர்ட் 610 கிராம். இந்த வேறுபாட்டை அற்பமென்று நான் நினைக்கவில்லை. பெண்களின் உள்ளாடைகள் மட்டுமாவது மொத்தம் ஏழு பவுண்டு எடைக்கு, அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல், போகக் கூடாது என்று வாதிடுவதற்கு 1881இல் லண்டனில் தொடங்கப்பட்ட பகுத்தறிவு ஆடைச் சங்கம் தேவைப்பட்டது. அந்த எடையைச் சுமந்த பெண்களிடம் என் ஸ்கர்ட்டைக் காட்டியிருந்தால், அதன் தையலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

குறைகள் எட்டாவது சலவையில் தலைகாட்டின. நடக்கும்போது துணியோடு துணி உரசும் தொடைப்பகுதியில் கடுகளவு நூல் உருண்டைகள் பொரிந்தன. முத்திரைச் சீட்டில் 62 விழுக்காடு பருத்தி, 34 விழுக்காடு பாலியஸ்டர், 4 விழுக்காடு எலாஸ்டேன் என்று இருக்கிறது. இந்தக் கலப்பில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். தனிப் பருத்தியில் உரசலால் மேலெழும் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி உருண்டாலும், அவை வலுக் குறைந்தவை என்பதால் பெரும்பாலும் அறுந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை அறுபடாது. உருண்டையைத் துணியோடு கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாம் மாதத்தில் முழங்கால் இருக்கும் இடம் புடைத்து, நான் உட்காராதபோதும் உட்கார்ந்திருப்பதைப் போன்ற உருவத்தை ஸ்கர்ட் எடுத்துக்கொண்டது. ஆறாம் மாதத்தில் இடுப்பு எலாஸ்டிக் அலையலையாக நெளிந்து தளர்ந்தது. எலாஸ்டேன் என்பது 1958இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இழை. தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு மீளக்கூடியது என்றாலும், சூடும் குளோரினும் அதற்கு ஆகாது. நான் வெந்நீரில் துவைக்கவில்லை, உலர்த்தும் இயந்திரத்திலும் போடவில்லை. சீட்டில் அச்சிட்டிருந்ததை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியும் ஆறு மாதம்தான் தாங்கியது.

இனி பாட்டியின் ஸ்கர்ட்டுக்கு வருகிறேன். வெளியே பார்த்தால் சாதாரணமான பழுப்புச் சிவப்புப் பருத்தித் துணிதான். உட்புறம் புரட்டினால்தான் அதன் செய்தி தெரியும். பக்கத் தையலில் இருபுறமும் ஓரங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துணி விட்டு, அதன் ஓரம் பிசிறாமல் மடித்துக் கையால் தைத்திருக்கிறது. அந்த விடுதுணியின் நடுவே, பழைய தையல் பிரிக்கப்பட்ட ஊசித் துளைகள் ஒரு வரிசையாக இன்னும் தெரிகின்றன. அதாவது ஒரு முறை இடுப்பளவு கூடியபோது அதைப் பிரித்து விட்டிருக்கிறார்கள்; பிறகு எப்போதோ மறுபடியும் பிடித்திருக்கிறார்கள். கீழ்விளிம்பு இன்னும் சுவையானது. விளிம்பிலிருந்து மூன்றங்குல உயரத்தில், சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டதைப் போல ஒரு வெளிறிய வரை ஓடுகிறது. அந்த வரைக்கு மேலே துணி வெயிலிலும் சலவையிலும் மங்கியிருக்க, கீழே உள்ள பட்டை மட்டும் புதுத்துணியின் அடர்நிறத்தோடு இருக்கிறது. பாட்டியைவிட அம்மா உயரம். அம்மா அதை உடுத்தத் தொடங்கியபோது உள்மடிப்பைப் பிரித்து இறக்கியிருக்கிறார்கள். அதுவரை மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி அப்போதுதான் முதன்முதலாக வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறது. அளவுகோலை வைத்துத் தையலை எண்ணினேன். பாட்டியின் ஸ்கர்ட்டில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு, என்னுடையதில் ஏழு. என்னுடையதில் பக்கத்தையல் முழுவதும் ஓவர்லாக். ஓரத்தை வெட்டிக்கொண்டே தைத்துச் செல்லும் அந்த இயந்திரம் தையலுக்கு வெளியே ஆறு மில்லிமீட்டர் துணியை மிச்சம் வைத்திருக்கிறது. கீழ் மடிப்பு ஒரு சென்டிமீட்டர். ஒரு விரல் பருமன்கூட இதைப் பெரிதாக்க முடியாது.

அம்மாவின் ஸ்கர்ட் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலியஸ்டர் சூட்டில் இளகி, ஆறியபின் அதே வடிவில் நிலைத்துவிடும் பொருள் என்பதால், தொழிற்சாலையில் சூடுபோட்டு வைத்த அதன் மடிப்புகள் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கத்திமுனையாக இருக்கின்றன. வியர்வையை உறிஞ்சாது, வறண்ட காற்றில் காலோடு ஒட்டிக்கொண்டு சடசடக்கும். ஆனால் அதை இஸ்திரி போட்டதே கிடையாது என்பதை இன்றுவரை ஒரு விடுதலையாகத்தான் அம்மா சொல்கிறார். பருத்தித் துணிகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்த மணிநேரங்களை நான் கழித்ததில்லையாதலால், அந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. உள்ளே அரை அங்குலம் துணி விட்டிருக்கிறது, ஜிப் உலோகத்தாலானது, இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

உள்ளே துணி விடும் வழக்கம் ஏன் போயிற்று என்பதற்கு மக்களின் பொறுமையின்மையையும் பெண்களின் மாறிய ரசனையையும் காரணம் சொல்வார்கள். அது கணக்கு வழக்கைப் பார்க்காத பேச்சு. பாட்டி காலத்தில் துணி உடுத்துபவருடையது. கடையில் அளந்து வாங்கி, தையற்காரரிடம் கொடுத்து, தைத்து வாங்குவார். உள்ளே விட்ட அந்த ஓரங்குலம் அவருடைய சொத்து, அவரே பின்னாளுக்காகப் போட்டு வைத்த சேமிப்பு. துணி அரிதாக இருந்த காலத்தில்தான் அது தாராளமாக உள்ளே மடிக்கப்பட்டது என்பது முரணாகத் தோன்றினாலும் உண்மை. பிரிட்டனில் 1941 முதல் 1949வரை ஆடைகளுக்குப் பங்கீட்டு முறை இருந்தது. பழைய ஆடைகளைப் பிரித்து மாற்றித் தைப்பது எப்படி என்று 1943இல் அரசே கையேடு வெளியிட்டது. பிரிப்பதற்கு உள்ளே ஏதேனும் இருந்தால்தானே அப்படிப்பட்ட அறிவுரை பயன்படும். ஆயத்த ஆடையிலோ, விற்கும்வரை துணி தயாரிப்பாளருடையது. ஓர் ஆடையின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. பல அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கத்தரிக்க வேண்டிய துண்டுகளைக் கணினியில் நெருக்கி நெருக்கி அடுக்கிப் பார்த்து வெட்டும் இடத்தில், ஒவ்வொரு தையலிலும் ஓரங்குலம் விடுவது என்பது வாங்குபவர் கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காகத் தயாரிப்பாளர் ஏற்கும் நஷ்டம். அதனால் உடம்பு மாறும்போது இடம்கொடுக்கும் வேலையை விடுதுணியிடமிருந்து எலாஸ்டேனுக்கு மாற்றிவிட்டார்கள். நீள்கிறவரை அது நன்றாகவே இடம்கொடுக்கிறது. நீட்சி செத்த பிறகு பிரித்துவிட உள்ளே ஒன்றுமில்லை.

அளவு விஷயத்திலும் எலாஸ்டிக் பல பிழைகளை மூடி மறைக்கிறது. இந்த நிறுவனத்தின் 'எம்' எனக்குச் சரியாக இருந்தது. இதே நிறுவனத்தின் மற்றொரு ஸ்கர்ட்டில் 'எல்' கூட ஏறவில்லை. ஆயத்த ஆடை அளவுகளுக்கு ஒழுங்கு கொண்டுவரும் முயற்சியாக 1939-40இல் அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஆளுக்கு 59 அளவுகள் எடுத்தார்கள் என்றாலும், வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளை முடிவுகளில் சேர்க்கவில்லை. அதன் அடிப்படையில் 1958இல் வந்த தரநிலையும் 1983இல் கைவிடப்பட்டது. அதன் பிறகு அளவு எண் என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். பாட்டிக்கு 'எம்' என்றால் என்னவென்று தெரியாது. தன் இடுப்பு எத்தனை அங்குலம் என்று தெரியும்.

பைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. என் ஸ்கர்ட்டில் இரண்டு பைகள் இருப்பதாகத்தான் படத்தில் தெரிந்தது. கையில் வந்த பிறகு பார்த்தால் அவை பையின் வாயைப் போல மடித்துத் தைத்த வெறும் கோடுகள். பாட்டியின் ஸ்கர்ட்டில் வலப்பக்கத் தையலுக்குள் மணிக்கட்டுவரை கை போகும் ஆழத்தில் ஒரு பை இருக்கிறது. கைவிட்டபோது அடியில் ஓர் ஒற்றைப் பொத்தான் அகப்பட்டது. அந்த ஸ்கர்ட்டில் பொத்தானே கிடையாது. எந்தச் சட்டையிலிருந்து உதிர்ந்து, பிறகு தைக்கலாம் என்று எடுத்துப் போட்டதோ.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டியின் ஆடைகளில் நான் பார்ப்பது தப்பிப் பிழைத்த ஒன்றை மட்டுமே. நைந்து கிழிந்தவை கரித்துணியாகி எப்போதோ காணாமல் போயிருக்கும். சாயம் போன துணியும் கோணலாகத் தைத்த ஆடையும் அன்றும் இருந்தன. அவருக்கு மொத்தம் எத்தனை ஸ்கர்ட்டுகள் இருந்தன என்று அம்மாவிடம் கேட்டேன். ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும் என்றார். என் அலமாரியில் பதினொன்று தொங்குகின்றன. எட்டே மாதத்தில் ஒன்று தளர்ந்துபோனதற்காக ஆத்திரப்படும் நானே அந்தப் பதினொன்றையும் வாங்கியவள்.

எலாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதுமென்று நினைத்து ஸ்கர்ட்டைத் தையற்காரரிடம் கொண்டுபோனேன். அவர் இடுப்பைப் புரட்டி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "பிரிக்கலாம்மா, ஆனால் திரும்பப் பிடிக்கத் துணி இல்லையே" என்றார். எலாஸ்டிக்கைத் தனிப் பட்டிக்குள் நுழைத்துக் கோக்காமல், துணியோடு சேர்த்தே ஓவர்லாக் அடித்திருக்கிறார்கள். அதைப் பிரித்தால் ஓரம் பிசிறிக்கொண்டு வந்துவிடும். எனவே ஓரிரு பருவம் உடுத்தி விட்டுவிடலாம் என்று எண்ணி வாங்குபவர்களுக்கும், பயணத்துக்கு எடை குறைவாக ஒன்று தேவைப்படுபவர்களுக்கும் இந்த ஸ்கர்ட் போதுமானது. ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். உடம்பின் அளவு ஏறி இறங்கும் வயதில் இருப்பவர்கள், இதில் இருக்கும் நீட்சியை நம்பி வாங்க வேண்டாம். வேறொன்றை வாங்குவதானாலும், வந்தவுடன் உட்புறம் புரட்டி, பக்கத் தையலில் விரல் அகலமாவது துணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

தையற்காரர் கடைசியில் பழைய எலாஸ்டிக்கை ஒட்ட வெட்டியெறிந்துவிட்டு, தன்னிடமிருந்த வேறொரு துணியில் மூன்றங்குலப் பட்டி வெட்டி மேலே வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதில் இருபுறமும் ஓரங்குலம் உள்ளே விட்டிருக்கிறார். நிறம் சேரவில்லை, மேல்சட்டையை வெளியே விட்டுப் போட்டுக்கொள்கிறேன்.