தீர்க்கதரிசனம்: பழைய தமிழிலா, பேச்சுத் தமிழிலா?

ஈரோட்டுப் பக்கம் ஜெபக்கூட்டம் நடத்துகிற இரண்டு பேருக்கு ஒரே குழப்பம். கர்த்தர் உணர்த்தியதாக ஒருவருக்கு வாக்கு (தீர்க்கதரிசனம்) சொல்லும்போது 'கர்த்தர் உரைக்கிறதாவது' என்று தொடங்குவதா, நம் பேச்சிலேயே சொல்வதா?

மரியாதை
பழைய நடை: கேட்டதும் தலை குனியும்.
பேச்சு நடை: 'ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்னு தோணுதுங்க' என்றால் பாதிப் பேர் போனைப் பார்ப்பார்கள்.

புரிதல்
பேச்சு நடைதான், சந்தேகமே இல்லை.

சோதித்துப் பார்ப்பது
விஷயமே இங்கேதான். நம் காதில் ஊறியிருப்பது 1871-இல் வந்த பவர் திருப்புதலின், அதாவது ஹென்றி பவர் தலைமையில் வந்த தமிழ் பைபிளின், தமிழ். அந்த நடையில் பேசினால் சொந்த யோசனையும் வசனம் போலக் கேட்கும். பைபிளில் வரும் தீர்க்கதரிசி ஆமோஸ் மந்தை மேய்த்தவர். தன் காலத்து ஜனங்களுக்குப் புரிகிற மொழியில்தான் பேசினார். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது உபாகமம் 18:22. 'உன் எல்லை விரிவாகக்கடவது' என்பதை எதை வைத்துச் சோதிப்பது? 'தைக்குள்ள உங்க தறி ஓடுமுங்க' என்றால் மாசியில் தெரிந்துவிடும். (அதனால்தானோ என்னவோ அப்படி யாரும் சொல்வதில்லை!)

சரி, எது எதற்கு? சபையில் வசனம் வாசிக்க, ஜெபிக்கப் பழைய தமிழ் அழகு. ஒருவரின் கல்யாணம், கடன், காடு பற்றிய வாக்கென்றால் பேச்சுத் தமிழ். அதுவும் 'எனக்குத் தோணுது' என்ற சொல்லோடு.