நிலவா, செவ்வாயா, வெள்ளியின் மேகமா?

1961 ஏப்ரல் கடைசி. அண்டார்டிகாவில் ஒரு சோவியத் முகாமில் லியோனித் ரோகசோவ் என்ற 27 வயது மருத்துவருக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. முகாமில் இருந்த ஒரே மருத்துவர் அவர்தான். வெளியே பனிப்புயல், விமானம் வர வழியில்லை. மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒருவர் கண்ணாடி பிடிக்க, இன்னொருவர் கருவிகளை எடுத்துக் கொடுக்க, தன் வயிற்றைத் தானே கீறிக் குடல்வாலை வெட்டி எடுத்தார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆனது. பிழைத்துக்கொண்டார். இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் இருப்பதும் அதே வட்டாரத்தில்தான்.

வேற்றுக் கோளில் குடியேறுவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும். காற்று இலவசமாகவும், பனியை உருக்கினால் தண்ணீரும் கிடைக்கிற இடத்திலேயே அந்த நிலைமை. எந்த இடம் பூமியைப் போல இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அங்கே ஒன்று கெட்டுப்போனால் உதவி வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்படிப் பார்த்தால் நிலவுதான் முதலில் நிற்கிறது. 3,84,000 கி.மீ. தூரம், மூன்று நாள் பயணம். பேசினால் ஒன்றேகால் நொடியில் குரல் போய்ச் சேரும். 1970-ல் அப்பல்லோ 13 நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. நான்கு நாளுக்குள் மூன்று பேரும் உயிரோடு பசிபிக் கடலில் இறங்கிவிட்டார்கள். அதே வெடிப்பு செவ்வாய்க்குப் போகும் வழியில் நடந்திருந்தால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அதுவரை மூச்சு தாங்கியிருக்காது.

ஆனால் நிலவு கரடுமுரடான மண். காற்று கிடையாது, ஓர் இரவு நம் கணக்கில் 14 நாள் நீளும். அங்கே காற்றும் மழையும் இல்லாததால் தூசி தேய்ந்து மழுங்குவதில்லை, கண்ணாடிச் சில்லு மாதிரி கூராகவே இருக்கிறது. 1972-ல் அப்பல்லோ 17 பயணத்தில் ஹாரிசன் ஷ்மிட் கலத்துக்குள் வந்து உடையைக் கழற்றியதும் மூக்கு அடைத்துக்கொண்டது. தூசியில் வெடிமருந்து வாடை அடித்தது என்று வீரர்கள் சொன்னார்கள்.

இதில் வெயிலுக்கும் குளிருக்கும் வழி அந்த மண்ணிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இறங்கிய சந்திரயான்-3-ன் விக்ரம் கலம், தென்துருவப் பக்கம் தரைக்குள் ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்த்தது. மேலே 50 டிகிரிக்கு மேல் வெயில், எட்டு செ.மீ. கீழே மைனஸ் 10. ஒரு சாணில் பாதிகூட இல்லாத ஆழத்தில் 60 டிகிரி வித்தியாசம்! அவ்வளவு நல்ல போர்வை அந்த மண். வீட்டைக் கட்டி அதன்மேல் சில மீட்டருக்கு மண்ணைக் கொட்டி மூடினால் வெப்பம், குளிர், கதிர்வீச்சு எல்லாவற்றுக்கும் தடுப்பு. துருவத்துப் பள்ளங்களில் பனிக்கட்டியும் இருக்கிறது, பள்ளங்களின் விளிம்பில் பெரும்பாலான நாள் வெயிலும் இருக்கிறது. சந்திரயானின் இறங்கு சோதனைகளுக்காக நாமக்கல் பக்கத்துப் பாறையைத்தான் பொடித்துக் கொண்டுபோனார்கள். நிலவின் மேட்டு நிலத்துப் பாறையும் அதே அனார்த்தசைட் வகை.

செவ்வாய், நிலம் என்ற அளவில், நிலவைவிட மேல். அதை மறுக்க முடியாது. ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம். நிலவில் ஆறில் ஒரு பங்குதான். மண்ணுக்கடியில் பனி, மேலே கார்பன் டை ஆக்சைடு. பெர்சிவரன்ஸ் ஊர்தியில் போன மாக்ஸி என்ற கருவி அந்த வாயுவிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துக் காட்டியது. இரண்டு வருடத்தில் 16 தடவை இயக்கி, மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 840 கிராம் வேண்டும், அதாவது அந்த 122 கிராம் மூன்றரை மணி நேர மூச்சு. வேற்றுக் கோளின் காற்றிலிருந்து மனிதன் பிரித்தெடுத்த முதல் ஆக்சிஜன் அது, எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் ஒரு குடும்பம் நம்பி உட்காரும் அளவுக்கு வளர இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது. செவ்வாய்க்குக் கலம் கிளம்ப வாகான நேரம் 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். கிளம்பினாலும் ஆறேழு மாதப் பயணம். அந்த நேரம் தவறிய மறுவாரம் தண்ணீர் சுத்திகரிக்கும் பம்பு உடைந்தால், மாற்றுப் பம்பு வர இரண்டரை வருடத்துக்கு மேல். கோள்கள் எதிரெதிரே நிற்கும் காலத்தில் "வலிக்கிறது" என்று சொன்னால் பூமிக்குக் கேட்கவே 22 நிமிடம். மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு வேறு, கழுவாமல் பயிர் வைக்க முடியாது. இன்றுவரை அங்கே பத்திரமாக இறங்கிய மிக எடையான பொருள் சுமார் ஒரு டன்தான். ஆட்கள் குடியிருக்கப் பத்து மடங்காவது இறக்க வேண்டும்.

வெள்ளியைப் பலர் பேச்சிலேயே எடுப்பதில்லை. தரையில் 460 டிகிரி, சரிதான். ஆனால் 55 கி.மீ. உயரத்தில் 27 டிகிரி, நம் காற்றழுத்தத்தில் பாதி, ஈர்ப்பு 90 சதவீதம். நாம் சுவாசிக்கும் காற்றே அங்கே பலூனைத் தூக்கி நிறுத்தும். 1985-ல் சோவியத்தின் இரண்டு வேகா பலூன்கள் அந்த உயரத்தில் சுமார் இரண்டு நாள் மிதந்திருக்கின்றன. சுற்றிலும் கந்தக அமில மேகம் என்பதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஒரு ஆணி செய்ய இரும்புக்கு எங்கே போவது? ஆராய்ச்சிக் கலம் மிதக்கலாம், ஊர் மிதக்காது.

சனியின் துணைக்கோளான டைட்டனில் அழுத்த உடை வேண்டாம், ஆனால் மைனஸ் 179 டிகிரி. காசினி விண்கலம் சனிக்குப் போய்ச் சேரவே ஏழு வருடம் ஆனது. இப்போதைக்கு அது கணக்கில் வராது.

மறுபடி நிலவுக்கே வருகிறேன். 1991-ல் அரிசோனாவில் எட்டுப் பேர் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் காடு, வயல் எல்லாவற்றோடும் இரண்டு வருடம் அடைந்துகொண்டார்கள். 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் மெல்ல மெல்ல 14.5-க்கு இறங்கியது. மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக விட, அதைக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் கொண்டுவந்து உள்ளே விட்டார்கள். வேற்றுக் கோளில் கட்டும் முதல் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு சுவர் எதையாவது உறிஞ்சத்தான் போகிறது. அந்த வீடு நிலவில் இருந்து, பூமியில் ஒரு கலம் தயாராக நின்றால், நான்காம் நாள் ஆக்சிஜன் உருளை வாசலில் இருக்கும்.